கியர் லீவரை மாற்றியமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவரைக் குட்டையாக்கலாமா, கனமான நாப் (லீவரின் மேலுள்ள கைப்பிடி) போடலாமா, கைக்கு இன்னும் கிட்டே கொண்டுவரலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது இருக்கும் லீவரில் ஆட்டம் எவ்வளவு? குட்டை லீவர் வேண்டும் என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவை இறுக்கமான லீவர். அதனால் கீழே உள்ள பதில்களில் வெட்டுவதையும் ஒட்டுவதையும்விட தேய்ந்ததைத் தேடுவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எல்லாமே மேனுவல் கியர்பாக்ஸ் உள்ள கார்களுக்கானவை.

ஷார்ட் ஷிஃப்டர் என்றால் என்ன? தூரம் எப்படிக் குறைகிறது?

கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லீவர்தான் ஷார்ட் ஷிஃப்டர். கியர் லீவர் ஒரு நெம்புகோல். நடுவில் ஒரு உருண்டை, அதுதான் அச்சு. உருண்டைக்கு மேலே கை, கீழே லிங்கேஜ் (லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் ராட் அல்லது கேபிள்). மேல் நீளத்தைக் கீழ் நீளத்தால் வகுத்தால் வருவதே விகிதம்.

உதாரணத்துக்கு, உருண்டையின் மையத்திலிருந்து நாப்பின் மையம் வரை 240 மி.மீ., கீழே 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 6. கியர் விழ கீழ் முனை 10 மி.மீ. நகர வேண்டுமானால், கை 60 மி.மீ. நகர வேண்டும். கீழ் நீளத்தை 50 மி.மீ. ஆக்கினால் விகிதம் 4.8, கை நகர்வது 48 மி.மீ. தூரத்தில் 20 சதவீதம் குறைந்துவிட்டது. ஆனால் அதே வேலைக்குக் கை கொடுக்க வேண்டிய அழுத்தம் 25 சதவீதம் கூடும். எந்த ஷார்ட் ஷிஃப்டர் கிட் (உதிரிபாகத் தொகுப்பு) வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பெட்டியின் மேல் "40 சதவீதம் குறைவு" என்று போட்டிருந்தால், அழுத்தம் கிட்டத்தட்ட 67 சதவீதம் கூடும் என்று படித்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது பலர் கம்பியின் நுனிவரை அளந்துவிடுகிறார்கள். கை பிடிப்பது நாப்பின் நடுவில், அங்கேதான் அளக்க வேண்டும்.

மேலே வெட்டிக் குட்டையாக்குவதா, கீழே நீளமான லீவர் போடுவதா?

கணக்குப்படி இரண்டும் ஒன்றே. மேலே 48 மி.மீ. வெட்டி 192 ஆக்கினாலும் விகிதம் அதே 4.8தான். வித்தியாசம் கைக்குத்தான் தெரியும். மேலே வெட்டினால் நாப் இரண்டு அங்குலம் கீழே போய்விடும். ஸ்டியரிங்கிலிருந்து கை இறங்கி, முழங்கை பின்னால் மடங்கும். கீழ் நீளத்தை மாற்றும் கிட் நாப்பின் உயரத்தை அப்படியே விட்டுவிடும்.

ஆனால் கீழே நீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட கீழ் முனை எதிலும் போய் இடிக்கக் கூடாது. லீவர் நேராக கியர்பாக்ஸின் தலையில் உட்காரும் கார்களில் கீழ் முனை செலக்டரின் (கியர்பாக்ஸில் கியரைத் தேர்ந்தெடுக்கும் பாகத்தின்) குழிக்குள் சரியான ஆழத்தில் நிற்க வேண்டும். அதனால் அங்கே உருண்டையையே மேலே உயர்த்துவார்கள். கிட்டோடு வரும் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) அதற்குத்தான். ஸ்பேசரை மட்டும் போட்டு பழைய லீவரையே வைத்தால், கீழ் முனை குழியை எட்டாமல் பாதியில் நிற்கும். கியர் விழுந்த மாதிரி இருக்கும், விழுந்திருக்காது. இந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

குட்டையாக்கினால் கியர் வேகமாக விழுமா?

கை வேகமாகப் போகும். கியர்பாக்ஸ் வேகமாகாது.

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது, கிளட்ச் தட்டும் அதோடு சேர்ந்த ஷாஃப்டும் வேகம் குறைந்து புதிய கியரின் வேகத்துக்கு வர வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ. கூம்பு வடிவ வளையம் ஒன்று கியரின் கூம்பில் உரசி, இரண்டு வேகமும் ஒன்றாகும்வரை பற்களைக் கோத்துக்கொள்ள விடாமல் தடுத்து நிற்கும். 1928-இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. வடிவம் எவ்வளவோ மாறியிருக்கிறது, தத்துவம் அதேதான்.

அந்தக் கூம்பை அழுத்துவது உங்கள் கைவிசை × லீவரின் விகிதம். விகிதம் 6-லிருந்து 4.8-க்கு இறங்கினால், அதே கைவிசைக்குக் கூம்பில் கிடைக்கும் அழுத்தம் 20 சதவீதம் குறைவு. வேகம் ஒன்றாக எடுக்கும் நேரம் கூடும். அதனால்தான் கிட் போட்ட முதல் வாரம் இரண்டாவது கியரின் வாசலில் லீவர் ஒரு நொடி முட்டி நிற்பதுபோலத் தோன்றுகிறது. அந்த முட்டலைப் பொறுமையாகத் தாண்டினால் ஒன்றும் ஆகாது. குத்தித் தள்ளினால் வளையம் தேயும், பிறகு "கர்" என்று கடிக்கத் தொடங்கும். இரண்டாவது, மூன்றாவது கியர் ஏற்கெனவே கடிக்கும் காரில் ஷார்ட் ஷிஃப்டர் போடவே வேண்டாம்.

என் லீவர் சட்டிக்குள் கரண்டி போல ஆடுகிறது. ஷார்ட் ஷிஃப்டர் அதைச் சரிசெய்யுமா?

செய்யாது. இதை நான் கைக்காசு போட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் பழைய கார் ராட் லிங்கேஜ் உள்ளது. மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே லீவர் எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. அந்த எரிச்சலில் கிட் வாங்கிப் போட்டேன். தூரம் குறைந்தது, குழப்பம் கூடியது. ஒரு நாள் காரை ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்துக்கொண்டு, உள்ளே ஒருவரை உட்காரவைத்து லீவரை அசைக்கச் சொன்னேன். "அசைக்கிறேன், அசைக்கிறேன்" என்று மேலிருந்து குரல் வருகிறது. என் கண் முன்னால் ராட் அசையவே இல்லை. லீவர் பக்கத்து மூட்டைக் கழற்றினேன். உள்ளே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ் (மூட்டில் ஆட்டம் வராமல் பிடிக்கும் சிறு வளையம்) விரலில் நசுங்கிப் பழுப்புத் துகளாக உதிர்ந்தது. அது உட்கார்ந்திருந்த இரும்பு முளை ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது, துளை முட்டை வடிவமாகியிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு புஷ். அதை மாற்றியதும் பழைய நீள லீவரிலேயே ஒவ்வொரு கியரும் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. கிட்டைக் கழற்றிவிட்டேன்.

ஏன் குழப்பம் கூடியது என்பதைக் கணக்கே சொல்லும். கீழே 3 மி.மீ. ஆட்டம் இருந்தால், விகிதம் 6 உள்ள லீவரின் மேலே அது 18 மி.மீ. விகிதத்தை 4.8 ஆக்கினால் 14.4 மி.மீ. ஆட்டம் குறைந்த அதே அளவில் கியரின் தூரமும் குறைந்துவிட்டது. 60-க்கு 18, 48-க்கு 14.4, இரண்டும் 30 சதவீதம். ஆனால் பக்கவாட்டில் வரிசைகள் (1–2, 3–4 போன்றவை) இன்னும் நெருங்கிவிட்டன. தப்பான வரிசையில் கை விழும் வாய்ப்பு அதிகம்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவர் லீவரை மெதுவாக அசைக்க இன்னொருவர் கியர்பாக்ஸ் பக்கத்தில் செலக்டர் கையைப் பார்க்க வேண்டும். லீவர் அசைந்து செலக்டர் அசையவில்லை என்றால் கோளாறு நடுவில் உள்ள புஷ், மூட்டு, கேபிள் முனைகளில். இரண்டும் சேர்ந்தே தளர்வாக அசைந்தால் கியர்பாக்ஸுக்குள். லீவரின் உருண்டை உட்காரும் கிண்ணத்தையும் பாருங்கள். அது பிளாஸ்டிக் என்றால் தேய்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஓடும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் லீவர் முன்னும் பின்னும் ஆடுகிறதா? அது லீவர் சமாசாரமே இல்லை. எஞ்சினையோ கியர்பாக்ஸையோ தாங்கும் மவுண்ட் தளர்ந்திருக்கிறது. கேபிள் உள்ள கார்களில் இந்த அறிகுறி லீவரில் அவ்வளவாகத் தெரியாது, மவுண்டை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

எஞ்சின் ஓடாதபோது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்ச் ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம், சிலிண்டர் கசியலாம், கேபிள் நீண்டிருக்கலாம். இதற்கு லீவரை மாற்றுவது கால்வலிக்குக் கைக்கு மருந்து போடுவது மாதிரி.

புஷ் எந்தப் பொருளில் வாங்குவது?

தினமும் ஓட்டும் காருக்குக் கம்பெனி கொடுத்த அதே வகைப் புது புஷ் போதும். பாலியூரித்தேன் இன்னும் இறுக்கம் தரும், கொஞ்சம் அதிர்வும் கொண்டுவரும். பித்தளை, அலுமினியம் போன்றவை ஆட்டத்தை அறவே எடுத்துவிடும். அதோடு கியர்பாக்ஸின் ரீங்காரம் முழுவதும் உங்கள் உள்ளங்கைக்கு வரும். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் லீவர் கிணுகிணுக்கத் தொடங்கும். பந்தயத்துக்கு மட்டுமே ஓடும் காரில் அது பரவாயில்லை.

ரப்பர் இருக்கும் இடத்தில் சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

லீவர் நேராக கியர்பாக்ஸில் இறங்கும் கார்களில் இன்னொரு இடமும் உண்டு. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லீவர் உட்காரும் கோபுரத்துக்குள் தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கும், அதன் மேல் சின்ன ரப்பர் பூட் (உறை). பூட் கிழிந்தால் சூடும் சத்தமும் கன்சோல் (இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டி) வழியாக மேலே வரும். ஆயில் வற்றினால் லீவர் கனக்கும். பூட், கிண்ணத்து புஷ், ஆயில் மூன்றையும் புதிதாக்கினாலே அந்த லீவர் மறுபடி உயிர்பெறும்.

நாப் மட்டும் மாற்றலாமா? மரை எப்படித் தெரிந்துகொள்வது?

தாராளமாக. எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம் என்பதால் முதல் மாற்றமாக இதைத்தான் சொல்வேன்.

ஹோண்டாவில் பெரும்பாலும் எம்10 × 1.5, நிஸான், மஸ்டா, மிட்சுபிஷியில் பெரும்பாலும் எம்10 × 1.25, டொயோட்டா, சுபாருவில் பெரும்பாலும் எம்12 × 1.25. முதல் எண் கம்பியின் விட்டம், இரண்டாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், இரண்டும் மி.மீ. கணக்கு. "பெரும்பாலும்" என்பதை மறக்காதீர்கள், ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். அளவுகோலை வைத்துப் பத்து மரைகளின் நீளத்தை அளந்தால் தெரிந்துவிடும்: 12.5 மி.மீ. என்றால் 1.25, 15 மி.மீ. என்றால் 1.5. தப்பான மரை முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறிப் பிறகு இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் போட்டால் லீவரின் மரையே போய்விடும்.

மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் நாப்களும் உண்டு. பிஎம்டபிள்யூ கார்களில் அப்படித்தான். நேராக மேலே இழுத்தால் கழன்று வரும், வரும்போது மூக்கில் இடிக்காமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று மூன்று சின்ன ஸ்க்ரூவால் கம்பியைக் கவ்வும் நாப்களை நான் போட மாட்டேன். அதிர்வில் தளரும். அவசரத்தில் கியர் இறக்கும்போது நாப் தனியாகக் கையோடு வந்தால் என்ன செய்வீர்கள்?

கனமான நாப்பால் பயன் உண்டா?

உண்டு. 300 முதல் 500 கிராம் வரை எடையுள்ள நாப், நகரத் தொடங்கியதும் தன் வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். சிங்க்ரோ தடுத்து நிற்கும் அந்தக் கணத்தில் கையோடு சேர்ந்து அதுவும் தள்ளும். சின்னச் சின்ன நெருடல்கள் கைக்குத் தெரியாமல் போகும். ஷார்ட் ஷிஃப்டர் போட்டவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும் பழக்கமுள்ள பழைய கியர்பாக்ஸில் மேலே எடை ஏற்றுவது அந்தக் கோளாறை வளர்க்கும். வெயிலில் நிற்கும் காரில் ஸ்டீல் நாப் கையைச் சுடும். தோல் சுற்றியது நல்லது.

ரிவர்ஸுக்கு நாப்புக்கு அடியிலுள்ள வளையத்தைத் தூக்கும் கார். நாப் மாற்றலாமா?

வளையம் முழுதாக மேலே ஏற இடம் விட்டு நாப் நிற்கிறதா என்று பாருங்கள். தடித்த அடிப்பாகம் உள்ள நாப் வளையத்தைப் பாதியில் தடுத்துவிடும், ரிவர்ஸ் விழாது. இதைவிட ஆபத்து, வளையத்தையே கழற்றி எறிந்துவிட்டு ரிவர்ஸ் தடுப்பு இல்லாமல் ஓட்டுவது. முதல் கியருக்குப் பக்கத்திலேயே ரிவர்ஸ் உள்ள கார்களில் சிக்னலில் முன்னே கிளம்ப நினைத்துப் பின்னே போய்விடுவீர்கள். வளையம் வேலை செய்யாத எந்த நாப்பும் வேண்டாம்.

லீவரை நீட்டலாமா, வளைக்கலாமா?

இருக்கையைப் பின்னால் தள்ளி உட்காருபவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் உதவும். கணக்கு தலைகீழாகும்: 240-க்கு மேல் 50 மி.மீ. சேர்த்தால் விகிதம் 7.25, கை 72.5 மி.மீ. நகரும், அழுத்தம் குறையும். எக்ஸ்டென்ஷன் சேரும் இடத்தில் லாக் நட் கட்டாயம்.

வளைப்பதாக இருந்தால் லீவரைக் கழற்றி வைஸில் பிடித்து வளையுங்கள். காரிலேயே வைத்து இழுத்தால் அந்தப் பலம் முழுவதும் கிண்ணத்துக்குப் போகும். வளைத்த பிறகு ஐந்தாவதிலும் ரிவர்ஸிலும் நாப் டேஷ்போர்டையோ இருக்கையையோ உங்கள் முட்டியையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

லீவரை நானே வெட்டி மரை போடலாமா?

டை (மரை வெட்டும் கருவி) பிடித்துப் பழக்கம் இருந்தால் செய்யலாம். வெட்டும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், லீவர் ஒரே கம்பியா? பல லீவர்களில் உள்ளே ஒரு கம்பி, வெளியே ஒரு குழாய், நடுவில் ரப்பர். அதிர்வை அடக்குவது அந்த ரப்பர்தான். குழாயின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது இரண்டடுக்கு. ரப்பர் பகுதியில் ரம்பம் வைக்காதீர்கள்.

அடுத்து, வெட்டிய இடத்தில் கம்பியின் விட்டம். எம்10 மரைக்கு 10 மி.மீ. கம்பி வேண்டும். கீழே போகப் போகத் தடிக்கும் லீவர் என்றால் அங்கே 12 மி.மீ. இருக்கும், லேத்தில் கடைந்த பிறகே டை ஏறும்.

கடைசியாக நீளம். ஒரே வெட்டில் 50 மி.மீ. எடுக்காதீர்கள். நாப் இல்லாமல் கம்பியில் டேப் சுற்றி அடையாளம் வைத்து, அந்த உயரத்தில் கையால் பிடித்துச் சில நாள் கியர் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. போதும் என்று பலருக்கும் அப்போதே தெரிந்துவிடும்.

வெட்டிய முனையை அரத்தால் சாய்த்து, எண்ணெய் விட்டு, டையை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டுங்கள். 15 மி.மீ. நீளத்துக்காவது நல்ல மரை இருக்க வேண்டும். வெல்டிங் என்றால் லீவர் காரில் இருக்கவே கூடாது. பிளாஸ்டிக் உருண்டை உள்ள லீவராக இருந்தால் வெளியே வைத்தும் வெல்டு செய்யாதீர்கள், சூடு கம்பி வழியே இறங்கி உருண்டையை உருக்கிவிடும்.

கன்சோலைப் பிரிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

ஏர்பேக்கில். பல கார்களில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி கன்சோலுக்கு அடியில், லீவருக்குச் சற்று முன்னால் தரையில் போல்ட் போட்டு இருக்கும். மோதலை உணரும் பெட்டி அது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து பிறகு கை வையுங்கள். சில கையேடுகள் 3 நிமிடம் என்கின்றன, நான் 10 நிமிடம் விடுவேன். அந்தப் பெட்டிக்கருகே சுத்தியல் தட்டக் கூடாது, அதன் போல்ட்டைத் தளர்த்தவும் கூடாது.

கேபிள் உள்ள கார்களுக்கு என்ன வழி?

எஞ்சின் குறுக்காக உள்ள முன்சக்கர இயக்கக் கார்களில் இப்போது பெரும்பாலும் இரண்டு கேபிள்கள்: ஒன்று வரிசையைத் தேர்ந்தெடுக்க, மற்றொன்று கியரைப் போட. அதனால் முன்பின் தூரத்தையும் பக்கவாட்டுத் தூரத்தையும் தனித்தனியாக மாற்றலாம். கியர்பாக்ஸின் மேலுள்ள செலக்டர் கையில் கேபிள் மாட்டும் பின்னை ஷாஃப்டுக்குக் கிட்டே கொண்டுபோனால், அதே திருப்பத்துக்குக் கேபிள் குறைவாக நகர்ந்தால் போதும், லீவரும் அப்படியே. என் பரிந்துரை: முன்பின்னை மட்டும் குறைத்து, பக்கவாட்டை விட்டுவிடுங்கள். வரிசைகள் விலகி இருப்பது பாதுகாப்பு.

சில கியர்பாக்ஸ்களில் செலக்டர் கையில் ஒரு கனமான இரும்புக் கட்டி இருக்கும். எடை குறைக்கிறேன் என்று அதை அறுப்பவர்கள் உண்டு. கனமான நாப் செய்யும் அதே வேலையை அது செய்கிறது. கழற்றாதீர்கள். மாற்றம் முடிந்ததும் நியூட்ரலில் கேபிளைச் சரிசெய்வது கட்டாயம். லீவரை நியூட்ரலில் அசையாமல் பிடிக்கும் பூட்டுப் பின் வைக்க இடம் இருந்தால் அதை வைத்தே செய்யுங்கள்.

கியர் ஆயில் மாற்றினால் லீவர் இலகுவாகுமா?

பழைய ஆயில் என்றால் ஆகும், அதுவும் காலையில் குளிர்ந்த கியர்பாக்ஸில் நன்றாகத் தெரியும். கையேட்டில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) என்று இருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை வளையங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வழுக்கல் கூடினால் சிங்க்ரோவின் கூம்பும் சரியாகப் பிடிக்காது.

தப்பான கியர் விழுந்தால் என்ன ஆகும்?

இந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பயமுள்ளது இதுதான். மூன்றாவது கியர் விகிதம் 1.4, நான்காவது 1.0 என்று வைப்போம். நான்காவதில் 6000 ஆர்பிஎம்மில் போகும்போது ஐந்தாவது என்று நினைத்து மூன்றாவதில் போட்டு கிளட்சை விட்டால், சக்கரங்கள் எஞ்சினை 8400-க்கு இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினின் ஆர்பிஎம் கட்டுப்பாடு பெட்ரோலை நிறுத்தும், சக்கரம் சுற்றுவதை நிறுத்தாது. வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடலாம். வரிசைகள் நெருங்கிய லீவரும் தளர்ந்த மவுண்டும் சேர்ந்தால் இது நடப்பதற்கு ஒரு அவசரக் கணம் போதும். லீவரை 3–4 வரிசைக்குத் தானாக இழுக்கும் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால், வேறு எதையும் தொடும் முன் அதை மாற்றுங்கள்.

லீவர் மேல் கை வைத்தபடியே ஓட்டலாமா?

வேண்டாம். கையின் எடை லீவர் வழியாக உள்ளே இருக்கும் ஃபோர்க்குக்கு (காலர் என்ற வளையத்தைத் தள்ளிக் கியரைக் கோக்கும் கவட்டைக்கு) போகும். சுழலும் காலரை ஃபோர்க் கியர் மாற்றும் நேரத்தில் மட்டும் அழுத்த வேண்டியது. ஓயாமல் அழுத்தினால் தேயும். கனமான நாப் போட்டவர்களுக்குக் கை அங்கேயே தங்கும் ஆசை வரும், அடக்குங்கள்.

வாகனப் பரிசோதனையில் பிரச்சினை வருமா?

கியர் வரிசைப் படம் ஓட்டுநரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்கா, ஜப்பான் உட்படச் சில நாடுகளில் விதி உண்டு. படம் இல்லாத நாப் என்றால் டேஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். காரை இன்னொருவர் எடுத்து ஓட்டும்போதும் அது வேண்டும்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

எஞ்சினை ஓட்டாமல் ஒவ்வொரு கியரையும் ரிவர்ஸையும் பத்துப் பத்து முறை போட்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் லீவர் கடைசிவரை போய் நிற்க வேண்டும். நிற்கும் இடம் கியர்பாக்ஸின் எல்லையா, கன்சோலின் விளிம்பா என்று பாருங்கள். லீவரைச் சுற்றிய தோல் பூட் மாட்டாமல் முதலில் கியர் போட்டு, மாட்டிய பிறகு மறுபடி போட்டால் வித்தியாசம் தெரியும். தோல் பூட் இறுக்கமாக இருந்தாலே கியரைப் பின்னுக்கு இழுத்துவிடும்.

பிறகு காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை அழுத்தி, சட்டென்று விட்டு, மறுபடி அழுத்துங்கள். எந்தக் கியராவது வெளியே நழுவினால் அது முழுதாக விழவில்லை, வீட்டுக்குத் திரும்பி லிங்கேஜைச் சரிசெய்ய வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கன்சோலைத் திறந்து ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது புஷ் உட்கார்ந்து படிந்ததும், முதல் நாள் இறுக்கிய நட் கால் சுற்று இடம் கொடுக்கும்.